கையை எப்போது எடுப்பது

என் கண்ணு,

நாலரை வருஷப் படிப்பை முடித்துவிட்டாய், திருவொற்றியூர்ப் பக்கம் வீடு வீடாகப் போகிற பிசியோ வேலை கிடைத்துவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாள். பெரியம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, பிரஷர் மாத்திரையோடு பிசியோவும் வீட்டு வாசலுக்கு வருவார் என்பதை இந்தப் பக்கத்து ஜனங்கள் பாதி நம்பவில்லை. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கை கால் விழுந்தவரை நாலு பேர் சேர்ந்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். இரண்டு தடவை வருவார்கள். மூன்றாம் தடவைக்கு ஆட்டோ காசு இருக்காது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் என்ன ஆனார் என்பது எங்களுக்குத் தெரியாமலே போகும். உனக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது.

பக்கவாதம் வந்தவர்களுக்கு நிலைதடுமாறாமல் நிற்க, நடக்க எப்படிப் பழக்குவது என்று எழுதச் சொன்னாய். புத்தகத்தில் இருப்பது உனக்கு என்னைவிடப் புதிதாகத் தெரியும். விழப்போகிறவரைப் பிடிக்க ஒரு மாதத்தில் பழகிவிடலாம். பிடித்த கையை எடுக்கத்தான் ஆயுசு வேண்டும். நான் எழுதுவது எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

1. முதல் நாள் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார். ராயபுரத்துச் சந்து, காசிமேட்டு ஹவுசிங் போர்டு, எண்ணூர்க் குப்பம், ஒவ்வொன்றிலும் விழுவதற்கான இடம் வேறு. தண்ணி லாரிக்காக வரிசையில் நிற்கும் டிரம்மும் குடமும் நடைவழியைப் பாதியாக்கியிருக்கும். கைப்பிடி இல்லாத மாடிப்படி. ராத்திரி எழுந்தால் லைட் சுவிட்ச் அறையின் அந்தக் கோடியில். கழிப்பறை வாசலில் ஈரம். காசிமேட்டில் ஓர் ஆயா தினமும் ஒரே இடத்தில்தான் தடுக்கினார். வீட்டாரோ, ‘காலுக்கு இன்னும் எக்சர்சைஸ் குடுங்க’ என்றார்கள். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவரோடு கூடவே கழிப்பறை வரைக்கும் நடந்தபோதுதான், நிலைப்படிக்கு இந்தப் பக்கம் கால் துடைக்கப் போட்டிருந்த சாக்கு கண்ணில் பட்டது. அவருக்குக் கணுக்கால் தொங்கும்; முன்பாதம் அந்தச் சாக்கின் ஓரத்தில் மாட்டும். நைட்டியும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. சாக்கை எடுத்தோம், நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே மடித்துத் தைத்தோம். அதற்குப் பிறகு அங்கே தடுக்கவில்லை. ஆண்களுக்குக் கைலி இதே வேலையைச் செய்யும். முழங்காலுக்கு மடித்துக் கட்டச் சொல், வெட்கப்படாதே.

2. ‘உங்களுக்கு என்ன வேணும்’ என்று கேள். ‘நல்லா நடக்கணும்’ என்றால் விடாதே, எங்கே நடக்கணும் என்று கேள். ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மீன் ஏலம் போடும் இடம் வரை. ஒருவருக்கு வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் சன்னதி, அங்கே படியும் கூட்டமும் உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சு, அவ்வளவுதான். டீக்கடைக்குப் போக எண்ணூர் ஹைரோட்டைத் தாண்ட வேண்டும் என்பதால் அது அவ்வளவு சின்ன ஆசையும் இல்லை.

அளந்து எழுதவும் மறக்காதே. 1989இல் கனடாவில் கேத்தரின் பெர்க் வெளியிட்ட சமநிலைப் பட்டியல் உனக்குத் தெரிந்ததுதான்: 14 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. எழுந்து நிற்பது, கீழே கிடப்பதை எடுப்பது, முழுச் சுற்றுத் திரும்புவது, ஒற்றைக்காலில் நிற்பது எல்லாம் அதில் இருக்கிறது. நடை இல்லை. டீக்கடையும் இல்லை. மதிப்பெண்ணை உன் அதிகாரிக்குக் கொடு. வீட்டாரிடம், போன வாரம் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார், இந்த வாரம் எதைப் பிடிக்காமல் நிற்கிறார் என்று சொல்.

3. நிற்க வைக்க அவசரப்படாதே, முதலில் உட்காரட்டும். இடுப்பும் முதுகும் தன் வசத்தில் இல்லாத ஆளைத் தூக்கி நிறுத்தினால் நிற்பது அவரில்லை, நீதான். கட்டில் விளிம்பில் இரண்டு பாதமும் தரையில் பதிய உட்கார்ந்து, கை எட்டாத இடத்துக்கு எட்டி எடுத்துவிட்டுத் திரும்பி நடுவுக்கு வர வேண்டும். இதைப் பத்துத் தடவை செய்யச் சொன்னால் சலித்துவிடும். அதற்கு இந்தப் பகுதியிலேயே ஒரு வழி இருக்கிறது: கேரம். மரியா இருதயம் உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கியது, 2024இல் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்தது எல்லாம் இங்கே டீக்கடைப் பேச்சு. தெருவுக்கு ஒரு போர்டு இருக்கும். எழுந்து நின்று அடிக்கக் கூடாது என்பது ஆட்டத்தின் சட்டம், அதுதான் நமக்கு வேண்டியதும். ஸ்டிரைக்கரை அந்த மூலைக்குக் குறி வைக்கும்போது மனுஷன் இடுப்பிலிருந்து சாய்கிறான், எடை ஒரு பக்கத்துப் புட்டத்துக்குப் போகிறது, அடித்துவிட்டு நடுவுக்குத் திரும்புகிறான். சிவப்புக் காயைப் போட்டபின் ஃபாலோ போட வேண்டிய பதற்றத்தில் தனக்குப் பக்கவாதம் என்பதே மறந்துபோகும். நோய்க்கை வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை, அதைப் போர்டின் விளிம்பில் ஊன்றிவைத்து நல்ல கையால் ஆடட்டும். கைப்பிடி இல்லாத ஸ்டூலில் உட்காரவை, நோய்ப்பக்கமாக நீ நில். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். சாய்ந்தால் அதன் கால் விரிந்துவிடும்.

4. எழுந்திருக்கப் பழக்குவதில் உன் நேரத்தை அதிகம் செலவழி. பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைக்கணும், மூக்கு கால் விரலுக்கு மேலே வரணும், அதற்குப் பிறகுதான் புட்டம் தூக்கணும். வீட்டார் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்து இழுப்பார்கள். தடு. தளர்ந்துபோன தோள்பட்டை மூட்டு அந்த இழுப்பில் இறங்கிவிடும். வலி வந்தால் அந்தக் கையை மாதக்கணக்கில் யாரும் தொட விடமாட்டார். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் அதே கேடு. இடுப்பில் பெல்ட், பெல்ட் இல்லாவிட்டால் இறுக்கிக் கட்டிய கெட்டித் துண்டு. பிடிக்கிறவர் நோய்ப்பக்கம் நிற்கணும். கைத்தடி நல்ல கையில். படியேற நல்ல கால் முதலில், இறங்க நோய்க்கால் முதலில். இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போகாமல், அந்த வீட்டு மருமகளையோ பேரனையோ செய்யவைத்துப் பார்த்துவிட்டுப் போ.

5. இனி கையை எடுக்கிற விஷயம். இதை மெதுவாகப் படி.

முதலில் நீ அவர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருப்பாய். அப்போது அவர் நிற்கவில்லை, உன்மேல் நிற்கிறார். அடுத்து உன் உள்ளங்கை போய் விரல் நுனி மட்டும் இடுப்பெலும்பில் இருக்கும். அடுத்து அவர் விரல் நுனி சுவரில் இருக்கும், உன் கை அவர் முதுகுக்குப் பின்னால் தொடாமல் இருக்கும். விரல் நுனியால் சுவரை லேசாகத் தொட்டாலே உடம்பின் ஆட்டம் குறைகிறது என்று ஆராய்ச்சியிலும் பார்த்திருக்கிறார்கள். தாங்கிக்கொள்ள அந்தத் தொடுகை போதாது. தான் எங்கே இருக்கிறோம் என்று உடம்புக்குச் சொல்ல அது போதும். அதற்கப்புறம் சுவரும் போக வேண்டும்.

எப்போது எடுப்பது? மூச்சைக் கவனி. பயத்தில் நிற்கிறவர் மூச்சை அடக்கியிருப்பார், நல்ல கை உன் சட்டையைக் கசக்கியிருக்கும், நோய்க்காலின் விரல்கள் தரையைப் பிறாண்டும். அப்போது எடுத்தால் துரோகம். ஏதாவது பேசு. ‘இன்னிக்கு வஞ்சிரம் என்ன விலை?’ பதில் சொல்ல அவர் மூச்சுவிட வேண்டும். பதில் சொல்லும்போது உன் சட்டையில் பிடி தளரும். அந்த நேரத்தில் எடு. எடுத்ததைச் சொல்லாமல் எடுக்கலாமா என்று கேட்பாய். முதல் தடவை சொல்லிவிட்டுத்தான் எடுக்கணும். ஏமாற்றிக் கையை எடுத்தால் அன்றைக்கு நிற்பார், மறுநாள் உன்னை நம்பமாட்டார்.

விடவே மாட்டேன் என்கிற பிசியோக்களையும் பார்த்திருக்கிறேன். நோயாளி விழுந்தால் தன் பேர் கெட்டுவிடும் என்று பயம். பேஷண்டின் பயத்தைவிட நம்முடைய பயம்தான் நிறையப் பேரை வீல்சேரில் உட்காரவைத்திருக்கிறது.

6. உன்னைவிட நோயாளிக்குத் தெரிந்தது இருக்கும், அதைக் கேட்டு வாங்கு. நாட்டுப்படகில் நாற்பது வருஷம் கடலுக்குப் போன ஒருவரை, ‘நேரா நில்லுங்க, ஆடாதீங்க’ என்று சுவரோரம் நிறுத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். ‘இன்னாம்மா, கொடிமரம் மாரி நிக்க சொல்ற? போட்ல இப்டி நின்னா தண்ணிலதான் கெடப்பேன். முட்டிய இளக்கி வுடணும். அல தூக்கசொல்ல நாமளும் கூடப் போவணும்’ என்றார். அவர் சொன்னதுதான் பாடம். உடம்பு ஆடாமல் இருக்க முடியாது. சின்ன ஆட்டத்தைக் கணுக்கால் சமாளிக்கும், கொஞ்சம் பெரியதை இடுப்பு சமாளிக்கும், அதற்கும் மேல் போனால் ஓர் எட்டு எடுத்து வைக்கத்தான் வேண்டும். பக்கவாதம் இந்த மூன்றையும் மந்தமாக்கிவிடுகிறது. நாமோ அசையாமல் நிற்கச் சொல்லி மேலும் மந்தமாக்குகிறோம். அன்று முதல் அவரைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தி, இடுப்புத் துண்டை நான் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் லேசாகத் தள்ளுவேன். ‘அல வருது’ என்று சிரிப்பார். முழங்கால் இளகும், எட்டு வைப்பார். தள்ளுவதாக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு, சொல்லாத நேரத்தில் தள்ளு. ஏமாற்றுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உனக்குப் புரியும்.

7. சிலர் தானாகவே நோய்ப்பக்கம் தள்ளிக்கொண்டு சாய்வார்கள். நல்ல கையால் கட்டிலை ஊன்றி, அந்தப் பக்கம் தள்ளுவார்கள். நீ நிமிர்த்தப் பார்த்தால் இன்னும் பலமாகத் தள்ளுவார்கள். வீட்டார் ‘வேணும்னே பண்றாரு’ என்று திட்டுவார்கள். வேணுமென்று செய்வதில்லை. 2000இல் ஜெர்மனியில் கார்நாத் என்பவரும் அவர் குழுவினரும் அளந்து பார்த்தார்கள்: இந்த நோயாளிகளுக்கு உடம்பு ஏறக்குறைய 18 டிகிரி சாய்ந்திருக்கும்போதுதான் நேராக இருக்கிறோம் என்று தோன்றுகிறது. அவர் உணர்வில் நீதான் அவரைக் கீழே தள்ளுகிறாய். எனவே தள்ளாதே. கண் அவருக்கு உண்மையைச் சொல்லும். கதவு நிலைக்கு எதிரில் உட்காரவைத்து, ‘அந்த நிலைக்கால் நேரா இருக்கா? நீங்க நேரா இருக்கீங்களா?’ என்று கேள். நல்ல பக்கத்துச் சுவரில் தோளைச் சாய்க்கச் சொல். அந்தப் பக்கம் ஒரு டம்ளரை வைத்து எடுக்கச் சொல். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் இது தணிந்துவிடும். அதுவரை வீட்டில் யாரும் திட்டாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சைதான்.

8. தலைக்குக் குளிப்பதைத் தனியாக விசாரி. கண், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, பாதத்தின் உணர்வு என்று மூன்றின் தகவலில்தான் மனுஷன் நிற்கிறான். பக்கவாதம் வந்தவருக்குப் பாதம் சரியாகச் சொல்லாது. சர்க்கரையும் சேர்ந்திருந்தால் இரண்டு பாதமும் மரத்திருக்கும். கண்ணை நம்பியே நிற்பார். சீயக்காய் கண்ணில் இறங்கி, கண்ணை மூடியபடி சொம்பைத் தேடுகிறார் பார், அங்கேதான் விழுவார். ராத்திரி கரண்ட் போனால் விழுவார். குளிக்க ஒரு மர ஸ்டூல், தண்ணீர் எட்டுகிற உயரத்தில், கழிப்பறை வழியில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பு. செருப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஹவாய் செருப்பு மரத்த காலிலிருந்து கழன்றுபோவதே தெரியாது. குதிகாலில் பட்டை உள்ள செருப்பு வாங்கச் சொல்.

9. அந்தக் காலத்தில் நாங்கள் சொன்ன சில விஷயங்களை இன்றைக்கு நீ சொல்லாதே. காலின் இறுக்கம் சரியான பிறகுதான் நடக்கவிட வேண்டும் என்று பாயில் படுக்கவைத்தே வாரக்கணக்கில் கழித்த காலம் அது. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நிற்கப் பழக நிற்கணும், நடக்கப் பழக நடக்கணும் என்று பிறகு தெரிந்தது. அதற்காக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும் போகாதே. 2015இல் வெளியான அவெர்ட் ஆய்வு ஐந்து நாடுகளில் 2,104 பேரைப் பார்த்தது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, ரொம்ப நேரம் நிற்கவும் நடக்கவும் வைத்தவர்களில் நன்றாகத் தேறியவர்கள் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தார்கள். கொஞ்ச நேரம், பல தடவை என்பதே நல்லது. ‘ஆறு மாசம் தாண்டிடுச்சு, இனிமே வராது’ என்று எந்த வீட்டிலும் சொல்லிவிடாதே. முதல் மூன்று மாதத்தின் வேகம் பிறகு இருக்காது, அது நிஜம். ஆனால் வருஷம் கழித்தும் பழகப் பழக நிலை கூடுகிறது. பொய் நம்பிக்கையும் கொடுக்காதே. ‘பழையபடி ஆயிடுவேனா?’ என்று கேட்டால், ‘பழையபடி இல்லாம இருக்கலாம், டீக்கடைக்குப் போவீங்க’ என்று சொல்லக்கூடிய முகம் உனக்கு வேண்டும்.

10. ‘கரண்ட் வைங்க’ என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். பெட்டி, வயர், சுருக்கென்ற குத்தல், அதுதான் வைத்தியம் என்று மனதில் பதிந்திருக்கிறது. தொங்கும் பாதத்துக்கு அது உதவுகிற இடம் உண்டு. படுத்துக்கொண்டு கரண்ட் வைத்துக்கொண்டால் மட்டும் யாருக்கும் நிலை வராது. புறா ரத்தம் தேய்த்தவர்களையும் பார்ப்பாய். முகம் சுளிக்காதே. அந்த மகன் எங்கோ அலைந்து புறா வாங்கி வந்தது அப்பாமேல் இருக்கிற பாசத்தால். அந்தப் பாசத்தைத் தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் நிற்க வைக்கத் திருப்பிவிடு. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு எதைச் செய்தாலும் அங்கே மட்டும் கறாராக இரு.

11. குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்காதே. இதையே நம் நாட்டில் பெரிதாகச் சோதித்தார்கள். ‘அட்டெண்ட்’ என்ற ஆய்வு, 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள், 2017இல் லான்செட்டில் வந்தது. வீட்டு ஆள் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவரையே செய்யவைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ வழக்கமான கவனிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அன்பு இருக்கிறது, ஆனால் அந்த வீட்டு மருமகளுக்குக் காலை நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்கணும், ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்கணும். இது நான் பார்த்ததை வைத்துச் சொல்லும் காரணம், ஆய்வு சொன்னதில்லை. எனவே பத்துப் பயிற்சி எழுதிக் கொடுக்காதே. இரண்டு கொடு, அதுவும் அந்த வீட்டின் நாளுக்குள் ஒட்டிக்கொள்வதாக இருக்கட்டும். சாப்பிட உட்காரும்போதெல்லாம் கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும். டி.வி.யில் விளம்பரம் வந்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கட்டும்.

மீனவர் வீடு என்றால் காலண்டரையும் பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகில் போகிற மகன்கள் வீட்டில் இருக்கும் 61 நாள். வெளியே நடத்துவது, படி ஏற்றுவது, ரோடு தாண்டுவது போன்ற இரண்டு ஆள் பிடிக்க வேண்டிய வேலைகளை அப்போது வைத்துக்கொள். ஜூன் 15 விடிந்தால் வீட்டில் கிழவியும் குழந்தையும்தான்.

12. வெளியே நடக்கவிடும் முன் பேச்சுக் கொடுத்துப் பார். நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது கேட்டால் சிலர் நின்றுவிட்டுப் பதில் சொல்வார்கள். 1997இல் சுவீடனில் லுண்டின்-ஓல்சன் என்ற பெண்மணி, முதியோர் விடுதிகளில் இப்படி நின்று பதில் சொல்கிறவர்கள் மற்றவர்களைவிட அதிகம் விழுகிறார்கள் என்று கண்டார். இந்தப் பக்கத்தில் கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும், பின்னால் பைக் உரசும், பழைய சிநேகிதர் ‘நைனா, எப்படிக் கீற?’ என்று கத்துவார். வீட்டுக்குள் அமைதியில் நன்றாக நடந்ததை நம்பி ரோட்டில் விடாதே. நடந்தபடியே பேரன் பேத்திகள் பெயரைச் சொல்லச் சொல், ஒரு கையில் காலி சொம்பு, பிறகு பாதித் தண்ணீர் உள்ள சொம்பு. தெருவைத் தாண்டுவது கடைசி.

13. எழுப்பி நிறுத்தும் முன், சாப்பிட்டாரா, எந்த மாத்திரை எப்போது போட்டார் என்று கேள். உட்கார்ந்தபடி ஒரு பிரஷர், நின்றபின் ஒரு பிரஷர் பார். தலை சுற்றி விழுவதைக் கால் பலவீனம் என்று எழுதிவிடாதே.

14. விழுந்தால் எழுவதைச் சொல்லிக்கொடு. நீ எவ்வளவு நல்ல பிசியோவாக இருந்தாலும் உன் நோயாளிகள் விழுவார்கள். பெரும்பாலும் நோய்ப்பக்கமாக, எலும்பு மெலிந்த பக்கமாகவே விழுவார்கள். இடுப்பு முறிவு அந்தப் பக்கம் அதிகம். விழுந்தவரை உடனே இழுத்துத் தூக்காமல், வலி எங்கே என்று பார்க்கணும். எலும்பு சரியாக இருந்தால் நல்ல பக்கமாகப் புரள்வது, முழங்கையில் ஊன்றி உட்காருவது, கட்டிலைப் பிடித்து மண்டியிடுவது, நல்ல காலை முன்னால் வைத்து எழுவது. பாயில் படுத்துத் தரையில் சாப்பிடும் வீடுகளில் இது தினசரி வேலையும்கூட. ஓர் இட்லிக்கடை அம்மா இதைப் பழகிய பிறகுதான் கைத்தடியை விட்டார். ‘வுழுந்தா எந்திரிக்கத் தெரியும், அப்புறம் இன்னா பயம்?’ என்றார். எழத் தெரியாதவருக்கு ஒவ்வோர் அடியும் பயம், அந்தப் பயத்தில் உடம்பு விறைக்கும், விறைத்த உடம்பு சீக்கிரம் விழும்.

15. அழுகிறவர்களிடம் அவசரப்படாதே. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ‘சோம்பேறித்தனம்’ என்று வீட்டார் சொல்வது பலநேரம் அதுதான். உன் நோட்டில் எழுது, டாக்டரிடம் சொல், மருந்து இருக்கிறது. சம்பாதித்த ஆண்கள் மனைவி கையைப் பிடித்து நிற்கக் கூசுவார்கள். அந்த நேரத்தில் நீ ஜன்னலுக்கு வெளியே பார்.

16. உன் முதுகையும் பார்த்துக்கொள். மூன்றாவது மாடியில், மின்விசிறி இல்லாத அறையில், உன்னைப்போல் ஒன்றரை மடங்கு எடையுள்ளவரை வீரத்துக்காகத் தனியாகத் தூக்காதே. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடு. இந்த ஊரில் கூப்பிட்டால் வருவார்கள்.

17. வருகையை நிறுத்தும் நாள் வரும். அன்றைக்குக் கடைசிப் பயிற்சி நோயாளிக்கு இல்லை, வீட்டுக்கு. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரலாம். முகம் கோணுதல், ஒரு கை தாழ்தல், பேச்சுக் குழறல், திடீரென்று நிலைதடுமாறுதல், இதில் எது தெரிந்தாலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராமல் 108க்குக் கூப்பிடணும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு; அதுவும் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகு. அந்தக் கால கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியான ஸ்டான்லி, ராயபுரத்துக்குக் கூப்பிடு தூரம். எண்ணூரிலிருந்து லாரி நெரிசலில் வரும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கச் சொல். அங்கே டாக்டர் முதலில் கேட்பது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைத்தான். அந்த மணியைக் குறித்துவைக்க, கடிகாரத்துக்குக் கீழே ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வா.

உன் பெரியம்மா